பல மரம் பார்க்கலாம், ஒரு மரமாவது வெட்டத் தெரிய வேண்டும்: தென்னாப்பிரிக்காவில் பல்துறை அறிவியல் பட்டம் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

2018 ஜனவரியில் ஐந்து வயதுக்குக் குறைந்த ஒன்பது குழந்தைகள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக சொவேட்டோவின் கிறிஸ் ஹானி பாரக்வானத் மருத்துவமனைக்கு வந்தார்கள். எல்லோரும் ஒரே குழந்தைகள் காப்பகம். சந்தேகப்பட்ட மருத்துவர் தகவல் சொல்ல, சுகாதார ஆய்வாளர்கள் அன்றே காப்பகத்துக்குப் போய் அங்கிருந்த போலோனியை (பதப்படுத்திய இறைச்சி) எடுத்து வந்தார்கள். நுண்ணுயிரியல் ஆய்வகம் அதில் லிஸ்டீரியா கிருமியைக் கண்டது. மரபணு வரிசையைப் படித்தபோது, அதற்கு முன் பல மாதங்களாக நாடு முழுக்க ஆளைக் கொன்றுகொண்டிருந்த அதே வகை என்று தெரிந்தது. மொத்தம் 1,060 பேருக்கு நோய், 216 பேர் சாவு. அந்த மார்ச்சில் நம் வீட்டுப் பிள்ளைகளின் லஞ்ச் பாக்ஸிலிருந்து போலோனி மறைந்தது நினைவிருக்கும்.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை எடுத்தாலும் அது தனியாக நின்று வேலை செய்யவில்லை. கிருமி தெரிந்தவருக்கு மரபணு தெரிய வேண்டியிருந்தது. மரபணு தெரிந்தவருக்குக் கணினி தெரிய வேண்டியிருந்தது. எல்லோருக்கும் புள்ளியியல் தேவைப்பட்டது. பல்துறை அறிவியல் என்று பல்கலைக்கழகங்கள் விளம்பரம் செய்வது இப்படிப்பட்ட வேலைக்கான படிப்பைத்தான்.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும் பெற்றோர் என்னிடம் கேட்பது வேறு மாதிரி. போன வருடம் ஓர் அம்மா கேட்டார்: "அண்ணா, பொண்ணு டாக்டர் சீட்டுக்குப் போட்டிருக்கா. கிடைக்கலைன்னா பயோமெடிக்கல்னு ஏதோ சொல்றா. அதுல வேலை கிடைக்குமா?" பக்கத்தில் நின்ற அவருடைய மாமனார் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்றார். பேத்திக்குப் பழமொழி புரிந்ததோ என்னவோ, முகம் சுருங்கியது மட்டும் தெரிந்தது.

தாத்தா சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை மறக்காமல் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. டர்பன் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், எதைப் பல்துறைப் பட்டம் என்கிறோம்?

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பெயரிலேயே கலப்பு தெரிவது: சுற்றுச்சூழல் அறிவியல், கடல் உயிரியல், உயிர்த்தகவலியல் (மரபணுத் தரவைக் கணினியில் ஆராய்வது), டேட்டா சயின்ஸ், புவித்தகவலியல் (வரைபடத் தரவைக் கணினியில் கையாள்வது), பயோமெடிக்கல் சயின்ஸ். ஸ்டெல்லன்போஷில் மனித உயிரறிவியல் என்று உடலியங்கியல், மரபியல், உளவியல் எல்லாம் தொடும் பாடத்திட்டம் இருக்கிறது. கிம்பர்லியில் 2014-ல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய சோல் பிளாட்கி பல்கலைக்கழகத்தில் இளநிலையிலேயே டேட்டா சயின்ஸ் படிக்கலாம்.

இரண்டாவது வகையின் பெயர் வெறும் பி.எஸ்சி. அதில் மாணவர் தானே இரண்டு மேஜர்களை (முதன்மைப் பாடங்களை) கோத்துக்கொள்கிறார்: மரபியலும் கணினியும், இயற்பியலும் புள்ளியியலும், வேதியியலும் நீரியலும். விளம்பரத் தட்டியில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் பல்துறைப் படிப்பு என்றால் பெரும்பாலும் இதுதான். என்னைக் கேட்டால், பாதிப் பேருக்கு இந்த இரண்டாவது வழிதான் நல்லது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

படி 1: கிரேடு 9 முடிவில் கணிதத்தை விட்டுவிடாதீர்கள்

வழிகாட்டி என்றால் பல்கலைக்கழக வாசலில் தொடங்கும் என்று நினைப்போம். உண்மையில் இது கிரேடு 9 கடைசியில், பாடம் தேர்ந்தெடுக்கும் தாளில் தொடங்குகிறது. அங்கே கணிதம் என்றும் கணித எழுத்தறிவு என்றும் இரண்டு இருக்கும். பள்ளிகள் சில நேரம் தங்கள் மெட்ரிக் (கிரேடு 12 இறுதித் தேர்வு) தேர்ச்சி விகிதம் அழகாக இருக்க வேண்டும் என்று நடுத்தர மாணவர்களை இரண்டாவதற்குத் தள்ளும். "அதுவும் மேத்ஸ்தானே அங்கிள்" என்று பிள்ளை வந்து சொல்லும். இல்லை. கணித எழுத்தறிவில் 90 வாங்கினாலும் பி.எஸ்சி. கதவு திறக்காது. கணிதத்தில் 60 வாங்கியவர் உள்ளே போவார்.

அதோடு இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த இயற்பியல் அறிவியல் பாடத்தையும் எடுங்கள். உயிரறிவியல் மட்டும் போதும் என்று நினைத்தால் கடல் உயிரியல், சூழலியல் வரைதான் போக முடியும், அதிலும் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் அல்ல. இரண்டு அறிவியலும் எடுத்தால் பிற்பாடு மனம் மாற இடம் இருக்கும். புவியியலை மட்டமாக நினைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நீர், காலநிலை, வரைபடத் தொழில் பக்கம் போகிறவர்களுக்கு அது நல்ல அடித்தளம்.

மெட்ரிக்கில் பட்டப்படிப்புக்கான தேர்ச்சி என்பது தாய்மொழியாக எடுத்த பாடத்தில் 40 விழுக்காடு, வேறு நான்கு பாடங்களில் 50 விழுக்காடு என்பதுதான் மையம். அது குறைந்தபட்சம். நிஜத்தில் ஒவ்வொரு பாடத்திட்டமும் தனியாகப் புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறது. 80-க்கு மேல் 7, 70-களில் 6, 60-களில் 5 என்று மதிப்பெண்ணைப் புள்ளியாக்கிக் கூட்டுவார்கள். கூட்டும் முறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். முக்கியமான ஒன்று: முன்கூட்டியே தற்காலிகமாக இடம் தருவது பெரும்பாலும் கிரேடு 11 மதிப்பெண்ணை வைத்து. "மெட்ரிக்ல பாத்துக்கலாம்" என்பவர்கள் ஒரு வருடம் தாமதமாக விழித்துக்கொள்கிறார்கள்.

படி 2: பாடத்தின் பெயரை விட்டுவிட்டு ஒரு பிரச்சினையைப் பிடியுங்கள்

"எனக்கு பயாலஜி பிடிக்கும்" என்பது தேர்வுக்கு உதவாது. "உம்கேனி ஆற்றில் என்ன கலக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்" என்பது உதவும். பிரச்சினை தெரிந்தால் எந்தப் பாடங்கள் வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

டர்பனில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி. பிரச்சினைகளும் அவற்றை ஆராயும் இடங்களும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குத் தீமிதிக்குப் போகாத குடும்பம் நம்மில் குறைவு. அதே மவுண்ட் எட்ஜ்கோமில் 1925 முதல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து வந்து இறக்கிய ஆட்கள் வெட்டிய அதே பயிர். இன்று அந்தக் கரும்பைத் துளைக்கும் எல்டானா புழுவை அடக்க, பூச்சியியல், தாவர மரபியல், மண் அறிவியல், செயற்கைக்கோள் படம் படிப்பவர், புள்ளியியலாளர் என்று ஒரு கூட்டமே வேண்டியிருக்கிறது. கோயிலுக்குப் போகும் வழியில் அந்தப் பலகையைப் பிள்ளைக்குக் காட்டியிருக்கிறீர்களா?

கடல் பக்கம் போனால் உஷாகா கடல் பூங்காவில் கடலியல் ஆராய்ச்சி நிறுவனம். ஜூன், ஜூலையில் சார்டின் ஓட்டம் வரும்போது மீன் எவ்வளவு, ஏன் சில ஆண்டுகள் வருவதில்லை என்ற கேள்விக்குக் கடல்நீரின் வெப்பமும் நீரோட்டமும் தெரியாமல் பதில் இல்லை. மருத்துவப் பக்கம், எச்.ஐ.வி. தடுப்பு ஆராய்ச்சியில் உலகம் அறிந்த காப்ரிசா ஆய்வு மையம் டர்பனில்தான். கோவிட் காலத்தில் 2020 டிசம்பரில் பீட்டா திரிபை அறிவித்த குழு குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக மரபணு வரிசை மையத்தில் இருந்தது. வைரஸ் தெரிந்தவர்கள் மட்டும் அங்கே இருந்திருந்தால் அது நடந்திருக்காது. வரிசையைக் கணினியில் ஒப்பிட்டுக் குடும்ப மரம் வரையத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அதற்குப் பிறகு என் வகுப்புப் பையன் ஒருவன் மழை, மண், சரிவு என்றே பேசிக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் பாடம் தேடித் தரவே வேண்டியிருக்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்து நீரியல் துறை பழம்பெருமை உள்ளது. நிலத்தில் விழும் மழை எப்படி ஓடும் என்று கணக்கிடும் ஏக்ரு என்ற கணினி மாதிரி அங்கே உருவானதுதான். அவன் இப்போது அங்கே இருக்கிறான்.

படி 3: ஒரு வேர், ஒரு கருவி

தாத்தாவின் பழமொழிக்கு என் பதில் இது. பல்துறை என்றால் எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்வது இல்லை. ஒரு துறையில் வேர் ஆழமாகப் போக வேண்டும். அது உயிரியலோ வேதியியலோ இயற்பியலோ, மூன்றாம் ஆண்டு வரை விடாமல் போகும் ஒரு மேஜர். அதோடு கையில் ஒரு கருவி: புள்ளியியல், நிரலாக்கம், புவித்தகவல், பகுப்பாய்வு வேதியியல் இவற்றில் ஒன்று. வேர் இருந்தால் உங்களுக்கு ஒரு பெயர் இருக்கும், "இவர் மரபியல் ஆள்" என்பார்கள். கருவி இருந்தால் வேலை இருக்கும்.

கலப்புப் பெயர் கொண்ட பட்டங்களில் எனக்கு இருக்கும் பயமே இதுதான். சில பட்டங்கள் நல்ல வேரும் கருவியும் தருகின்றன. சில பட்டங்கள் இருபது அறிமுகப் பாடங்களை அடுக்கி மேலே அழகான பெயரை ஒட்டியிருக்கும்.

நான் அப்படித்தான் மாட்டினேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லவில்லை, பல வருடமாகிவிட்டது. சுற்றுச்சூழல் என்று சேர்ந்தேன். முதல் ஆண்டுக் கணிதத்தைத் தவிர்க்க ஒரு சந்து இருந்தது, அதில் நுழைந்தேன். இரண்டாம் ஆண்டில் புள்ளியியலுக்குப் பதிலாகச் சுலபமான ஒரு பாடம். மதிப்பெண் ஜோராக வந்தது. அப்பா ஊரெல்லாம் சொன்னார். பி.எஸ்சி.க்கு மேல் ஓராண்டான ஆனர்ஸுக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது, நீர் பக்கம் போக முதலாண்டுக் கணிதம் கட்டாயம், சூழலியல் பக்கம் போக இரண்டாமாண்டுப் புள்ளியியல் கட்டாயம். பட்டமளிப்பு விழாவுக்கு அப்புறம் இரண்டே பாடத்துக்காக மறுபடி ஒரு வருடம் உட்கார்ந்தேன். அப்பா அந்த வருடம் ஊரில் யாரிடமும் அதிகம் பேசவில்லை.

படி 4: கையேட்டைப் பின்னாலிருந்து படியுங்கள்

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அறிவியல் புலத்துக்கென்று ஒரு கையேட்டை இணையத்தில் போடுகிறது. சிரிக்கும் மாணவர் படம் போட்ட சிற்றேடு வேறு; நான் சொல்வது விதிகளும் பாட எண்களும் நிறைந்த, பார்த்தாலே தூக்கம் வரும் அந்தத் தடிமனான ஆவணம். அதை இறக்கி, ஆனர்ஸ் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்.

ஏன் ஆனர்ஸ்? நம் நாட்டில் பி.எஸ்சி. மூன்று ஆண்டு. ஆனர்ஸ் அதன் மேல் தனியான ஓர் ஆண்டு, தனியான விண்ணப்பம். பி.எஸ்சி. முடித்தவருக்கெல்லாம் தானாகக் கிடைக்காது. மேஜர் பாடத்தில் அறுபது, அறுபத்தைந்து விழுக்காடு என்ற வரம்பும், ஆய்வகத்துக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கும் இருக்கும். அறிவியலில் மதிப்புள்ள வேலை தொடங்குவது பெரும்பாலும் ஆனர்ஸுக்குப் பிறகுதான். ஆகவே கேள்வி "பி.எஸ்சி. என்ன எடுக்கலாம்" இல்லை. "நாலாவது வருடம் எந்த அறையில் உட்கார வேண்டும், அந்த அறைக்குள் போக என்ன பாடங்கள் கேட்கிறார்கள்" என்பதுதான்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். வலது ஓரத்தில் ஆனர்ஸ். அதற்குக் கேட்கும் மூன்றாம் ஆண்டுப் பாடங்களை இடப்பக்கக் கட்டத்தில் எழுதுங்கள். அவற்றுக்கு முன்தேவையான இரண்டாம் ஆண்டுப் பாடங்கள், பிறகு முதலாண்டு. இப்படி இரண்டு வேறு ஆனர்ஸுக்குச் செய்தால், முதலாண்டில் எந்தப் பாடங்கள் இரண்டு தாளிலும் வருகின்றன என்று தெரியும். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். உயிரியல் பக்கம் யோசிப்பவர்களுக்கு நான் போட்டுக் கொடுத்த தாள்களில் முதலாண்டு வேதியியலும் புள்ளியியலும் கிட்டத்தட்ட எப்போதும் வந்தன. பிள்ளையின் முகம் கோணினாலும் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கையேட்டில் பாருங்கள், கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு. பதினாறு கிரெடிட் பாடம் என்றால் 160 மணி நேரம். ஒரு அரையாண்டில் அப்படி நான்கு எடுத்தால் வாரத்துக்கு ஐம்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மேஜரும் ஆய்வகம் உள்ளவையாக இருந்தால் திங்கள் முதல் வியாழன் வரை மதியம் போய்விடும். தினமும் டாக்ஸியில் ஃபீனிக்ஸிலிருந்து வெஸ்ட்வில் வளாகத்துக்குப் போய் வரும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு ஆய்வக மேஜர், ஒரு கணினி அல்லது கணித மேஜர் என்று சேர்த்தால் மூச்சு விட முடியும்.

படி 5: பதிவுச் சங்கங்களை முன்கூட்டியே விசாரியுங்கள்

பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இது. பட்டத்தின் பெயரும் தொழில் செய்யும் உரிமமும் வேறு வேறு.

பயோமெடிக்கல் சயின்ஸ் பி.எஸ்சி. முடித்தால் மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தம் பரிசோதிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. அதற்கு சுகாதாரத் தொழில் மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ.-வில் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு வழி, டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உள்ள மருத்துவ ஆய்வக அறிவியல் என்ற நான்காண்டுத் தொழிற்பட்டம். மரபியல், மருத்துவ இயற்பியல் போன்றவற்றில் மருத்துவ விஞ்ஞானியாகப் பதிவு செய்ய ஆனர்ஸுக்கு மேல் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக் காலமும் வேண்டும், அந்தப் பயிற்சி இடங்கள் குறைவு. நம் சமூகத்தில் இதைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பிள்ளைகள் மூன்றாம் ஆண்டில் வந்து அழுகிறார்கள்!

டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் பி.எஸ்சி. வழியாகச் சுற்றி வரலாமா? ஜோஹன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டதாரிகளை மருத்துவப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் சேர்க்கும் திட்டம் இருக்கிறது. தனி நுழைவுத் தேர்வு, மிகச் சில இடங்கள். அது கிடைத்தால் லாட்டரி. ஆனால் அந்த லாட்டரியை மட்டும் நம்பிப் பிடிக்காத பி.எஸ்சி. படிக்கக் கூடாது. கிடைக்காவிட்டாலும் இந்தப் பட்டத்தோடு வாழ்வேன் என்று பிள்ளை மனதாரச் சொன்னால் மட்டும் சரி.

சூழலியல், நீரியல், நிலவியல், உயிரறிவியல் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஸாக்னாஸ்ப் என்கிற இயற்கை அறிவியல் தொழில் மன்றம். 2003-ஆம் ஆண்டின் 27-ஆம் எண் சட்டப்படி இயங்குகிறது. தொழில்முறை விஞ்ஞானி என்ற முழுப் பதிவுக்கு ஆனர்ஸ் அல்லது நான்காண்டுப் பட்டமும் அதன்பின் மூன்றாண்டு அனுபவமும் கேட்பார்கள். அதுவரை வேட்பாளர் பதிவில் இருக்கலாம். ஒரு கட்டடமோ சுரங்கமோ வருமுன் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவருக்கு இயப்பாசா என்ற அமைப்பில் தனிப் பதிவு 2022 ஆகஸ்ட் முதல் கட்டாயமாகியிருக்கிறது. புவித்தகவல் ஆட்களுக்கு ஜியோமேட்டிக்ஸ் மன்றம். டேட்டா சயின்ஸுக்கு இப்படித் தனி மன்றம் எதுவும் இல்லை. அங்கே நீங்கள் செய்து காட்டிய வேலைதான் சான்றிதழ்.

அறிவியல் ஆசிரியராக நினைப்பவர்களுக்கு, பள்ளியில் கற்பிக்கும் பாடங்கள் பி.எஸ்சி.யில் போதிய அளவு இருக்க வேண்டும். பிறகு ஓராண்டு ஆசிரியர் சான்றிதழ், ஆசிரியர் மன்றமான எஸ்.ஏ.சி.இ.-யில் பதிவு. கடல் உயிரியல் மட்டும் படித்தவர் வேதியியல் கற்பிக்க முடியாது. கணிதமும் இயற்பியல் அறிவியலும் கற்பிக்கத் தெரிந்தவருக்கு இந்த நாட்டில் வேலை தேடி அலைய வேண்டிய நிலை அரிது.

படி 6: வேலை எங்கே இருக்கிறது?

நாட்டில் வேலையின்மை முப்பது விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறது. பட்டதாரிகள் நிலை அதைவிட வெகுவாக நல்லது என்றாலும் பட்டம் மட்டும் போதும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் பார்த்த வரையில் சொல்கிறேன்.

நீர் பக்கம் வேலை இருக்கிறது, இன்னும் பல ஆண்டு இருக்கும். நகராட்சிகள், நீர் வாரியங்கள், ஆலோசனை நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். வேதியியல் அல்லது நுண்ணுயிரியல் வேரோடு புவித்தகவல் கருவியும் வைத்திருப்பவரை இன்டர்வியூவில் விட மாட்டார்கள். சம்பளம் ஆரம்பத்தில் சுமார்தான். வெயிலில் பூட்ஸ் போட்டுச் சேற்றில் நிற்கத் தயாரா என்று பிள்ளையைக் கேளுங்கள்.

உணவு அறிவியலை நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. டர்பனில் மசாலா அரைக்கும் தொழில் தலைமுறை தலைமுறையாக நம்மவர் கையில். மிளகாய்ப் பொடி ஏற்றுமதி ஆக வேண்டுமென்றால் பூஞ்சை நச்சு அளவு, ஈரப்பதம், கெடாமல் இருக்கும் காலம் எல்லாம் காகிதத்தில் வர வேண்டும். வேதியியல், நுண்ணுயிரியல், கொஞ்சம் பொறியியல் கலந்த படிப்பு அது. போலோனி விவகாரத்துக்குப் பிறகு உணவுப் பாதுகாப்பு ஆட்களுக்கு மரியாதை கூடியிருக்கிறது. பக்கத்துத் தெருவிலேயே வேலை இருக்கும்போது பிள்ளைகள் டி.வி. தொடர் பார்த்துத் தடயவியல் என்று ஓடுகிறார்கள்.

வானியல்? சிரிக்காதீர்கள். கரூவில் கார்னர்வன் பக்கத்தில் 2018-ல் திறந்த மீர்காட் தொலைநோக்கியின் 64 தட்டுகள் இருக்கின்றன. அவற்றையும் உள்ளடக்கி 197 தட்டுகளாக எஸ்.கே.ஏ. என்ற பன்னாட்டு வானொலித் தொலைநோக்கி வளர்கிறது. அதற்காக இயற்பியல், கணினி, மின்னணுவியல் மாணவர்களுக்கு பர்சரி (படிப்பு உதவித்தொகை) கொடுத்து வந்திருக்கிறார்கள். வானியல் ஆனர்ஸுக்கான தேசியத் திட்டத்தை டர்பனிலிருந்தே படிக்க வழி உண்டு. எல்லோரும் வானியலாளர் ஆவதில்லை. மலைபோல் வரும் தரவைக் கையாளக் கற்றவர்களை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் எடுத்துக்கொள்கின்றன. வேர், கருவி என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது: வேர் வானத்தில், கருவி வங்கியில்.

உயிர்த்தகவலியல் ஆர்வமுள்ளவர்கள் முனைவர் பட்டம் வரை போகத் தயாராக இருக்க வேண்டும். நல்ல வேலைகள் ஆராய்ச்சிக் குழுக்களில். அவை மானியத்தில் ஓடுபவை, ஒப்பந்தம் இரண்டு மூன்று ஆண்டு. வெளிநாட்டு மானியம் நின்றால் வேலையும் நிற்கும். கடல் உயிரியலும் அப்படித்தான், விரும்புபவர் ஏராளம், இடம் சொற்பம். டால்ஃபின் மேல் உள்ள காதல் மட்டும் போதாது. மீன்வளக் கணக்கெடுப்புக்கான புள்ளியியல் தெரிந்தவர் அங்கேயும் முன்னால் நிற்கிறார்.

படி 7: பணக் கணக்கு

குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் என்ஸ்ஃபாஸ் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்த குடும்பங்கள் இதை எதிர்பார்க்க வேண்டாம். பட்டத்தின் ஆண்டுகளோடு ஓர் ஆண்டு கூட்டித்தான் தருவார்கள். மூன்றாண்டுப் பட்டத்துக்கு நான்கு ஆண்டு. நடுவில் பட்டத்தை மாற்றினால் கழிந்த ஆண்டுகளும் கணக்கில் சேரும். பல்துறை என்று கிளை தாவும் பிள்ளைக்கு இந்த விதி தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாக, இது ஆனர்ஸுக்குக் கிடையாது. நான்காவது ஆண்டுக்கான பணத்தை இப்போதே யோசியுங்கள். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையான என்.ஆர்.எஃப். அதற்கு உதவும், மதிப்பெண்ணும் வயது வரம்பும் பார்ப்பார்கள்.

வருமானம் 350,000-க்கும் 600,000-க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள்தான் நம்மில் அதிகம். ஏழைக்கான உதவியும் இல்லை, கட்டணம் கட்டவும் முடியவில்லை. இவர்கள் இஸ்ஃபாப் என்ற திட்டத்தைப் பார்க்கலாம். எல்லாப் படிப்புக்கும் தராது, பட்டியலைப் பார்த்துவிட்டு மேஜரை முடிவு செய்யுங்கள். ஆசிரியராக நினைப்பவர்களுக்கு ஃபுன்சா லுஷாகா பர்சரி உண்டு, பதிலுக்கு அரசு சொல்லும் பள்ளியில் வேலை செய்ய வேண்டும்.

படி 8: விண்ணப்பம்

நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் சி.ஏ.ஓ. என்ற விண்ணப்ப மையம் வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல படிப்புகளை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ், விட்ஸ் எல்லாம் தனித்தனி. கேப் டவுனும் ஸ்டெல்லன்போஷும் ஜூலை கடைசியிலேயே கதவைச் சாத்தும் வழக்கம், நம் பக்கம் செப்டம்பர் வரை ஓடும். சில இடங்களில் தேசிய அளவுகோல் தேர்வும் எழுதச் சொல்வார்கள், அதற்குத் தனியாகத் தேதி.

வரிசைப்படுத்தும்போது நம் பெற்றோர் செய்யும் தவறு, முதல் மூன்று இடத்திலும் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் என்று போட்டுவிட்டு, கடைசி வரியில் "பி.எஸ்சி. ஏதாவது" என்று போடுவது. நல்ல பி.எஸ்சி. இடங்கள் முதல் விருப்பமாகக் கேட்டவர்களால் நிரம்பிவிடலாம். மருத்துவம் உண்மையான ஆசை என்றால் ஒரு வரி கொடுங்கள். அடுத்த வரியில் நான்கு கட்டத் தாளில் தேறிய படிப்பைப் போடுங்கள்.

பல்கலைக்கழகம் பார்வையாளர்களை வரவேற்கும் திறந்த நாளுக்குப் போகும்போது மேசைக்குப் பின்னால் டி-சர்ட் போட்டு நிற்கும் பிள்ளைகளிடம் விசாரித்துவிட்டு வந்துவிடாதீர்கள். துறைக்குள் போய், ஆனர்ஸ் மாணவர் ஒருவரைப் பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள்: "போன வருடம் உங்கள் வகுப்பில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? திரும்பப் படித்தால் முதலாண்டில் எந்தப் பாடத்தை மாற்றி எடுப்பீர்கள்?" இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை எழுதிக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகும் ஒரு ஜன்னல் திறந்திருக்கும். பிப்ரவரியில் வகுப்பு தொடங்கி முதல் ஓரிரு வாரத்துக்குள் பாடங்களை மாற்றிக்கொள்ளலாம், கட்டணப் பிரச்சினை இல்லாமல். அந்தத் தேதி தாண்டினால் மாற்றுவது எளிதில்லை. முதல் வாரத்திலேயே கணித வகுப்புக்கு ஒரு முறை, நிரலாக்க வகுப்புக்கு ஒரு முறை பின் பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழ் வகுப்பு அம்மாவின் மகள் அப்படித்தான் செய்தாள். டாக்டர் சீட் வரவில்லை. பயோமெடிக்கல் என்று சேர்ந்தவள் இரண்டாவது வாரம் வியாழக்கிழமை மரபியலும் கணினியும் என்று மாற்றிக்கொண்டாள். தாத்தாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம். "நீங்களே சொல்லிடுங்க அங்கிள், அந்தப் பழமொழியை மறுபடி கேட்க முடியாது" என்கிறாள்.